நோய் தீர்ந்து வீடு திரும்பியவரும் நம் திருமுறையும்

சித்திரைச் சதயம் வந்தால் அப்பர் பெருமான் குருபூசை. அதற்கு முந்திய இரண்டு வாரமும் நம் சமய வகுப்புகளில் அவர் கதைதான் ஓடும். எப்படி ஓடும் என்று நமக்கெல்லாம் தெரியும். மருள்நீக்கியாராகப் பிறந்தார், சமணத்துக்குப் போனார், சூலை வந்தது, அக்காவிடம் வந்தார், பதிகம் பாடினார், சூலை போய்விட்டது. அடுத்து சுண்ணாம்புக் காளவாய். அதற்கடுத்து கல் மிதந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கல் மிதந்த இடம்தான் பிடிக்கும் என்பதால் சூலைப் பகுதி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்த ஆண்டு ஜாசினில் எங்கள் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. பாடம் முடிகிற நேரத்தில் படிவம் இரண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கையைத் தூக்கினாள். “அண்ணா, அப்பர் பாடினதும் நோய் போயிடுச்சு. உங்க அம்மாவும் தினமும் தேவாரம் பாடுறாங்கதானே? அப்ப ஏன் அவங்களுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு?”

வகுப்பே கப்சிப் ஆகிவிட்டது. அவள் மனதில் ஒரு கபடமும் இல்லை. பெரியவர்கள் இதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள், இவள் நேராகக் கேட்டாள், அவ்வளவுதான். பதிலை அன்றைக்கே அரைகுறையாகச் சொல்லாமல் அடுத்த இரண்டு வகுப்புகளை அதற்கே ஒதுக்கினோம். அங்கே படித்ததும் பேசியதும்தான் இந்தக் கட்டுரை. அம்மா படித்துப் பார்த்துவிட்டு, “எழுதுடா, இன்னும் எத்தனை வீட்டுல மறைச்சு வச்சிருக்காங்களோ” என்றார். அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். மலேசியாவில் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் அதுதான். அறுவை சிகிச்சை, பிறகு 21 நாளுக்கு ஒருமுறையாக ஆறு தடவை கீமோ, பிறகு கதிர்வீச்சு 15 நாள். எல்லாம் முடிந்து எட்டு மாதமாகிறது. இப்போது தினம் ஒரு மாத்திரை. அதைக் குறைந்தது ஐந்து ஆண்டு விழுங்க வேண்டும்.

இனி பாடத்துக்கு வருவோம்.

பதிகத்தில் என்ன இருக்கிறது?

சூலை நீங்கியது என்று நமக்குச் சொல்பவர் சேக்கிழார். அவர் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் எழுதியவர். அப்பர் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டு. திருவதிகை வீரட்டானத்தில் அவர் பாடிய அந்தப் பதிகம் நான்காம் திருமுறையின் முதல் பதிகமாக, கொல்லிப் பண்ணில், பத்துப் பாட்டாக நம் கையில் இருக்கிறது. திருமுறை ஓதும் விழாவுக்காக நம்மில் பலர் மனப்பாடம் செய்ததுதான். ராகமும் தாளமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். பொருளை எத்தனை பேர் நிதானமாகப் பார்த்திருக்கிறோம்?

வகுப்பில் பத்துப் பாட்டையும் பொருளோடு ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தோம். எல்லோருக்கும் ஆச்சரியம். அந்தப் பதிகத்தில் ‘குணமாகிவிட்டேன், நன்றி’ என்று ஒரு இடத்திலும் இல்லை. பத்தாவது பாட்டிலும் அவர் வேதனையை விலக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். முழுப் பதிகமும் வலி இருக்கும்போதே பாடியது. குடல் எப்படி முறுக்குகிறது, எப்படி ஆளை முடக்கிப் போடுகிறது என்று நோயாளி டாக்டரிடம் சொல்வதுபோல இறைவனிடம் சொல்கிறார். தாங்க முடியவில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறார். நீரும் பூவும் தூபமும் நான் மறந்ததில்லை, தமிழோடு இசை பாடவும் மறந்ததில்லை என்று கணக்குக் காட்டுகிறார். இரண்டாம் பாட்டில் ‘அஞ்சாதே’ என்று ஒரு சொல்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறீரே என்று வருத்தப்படுகிறார்.

இந்த இடத்தைப் படித்ததும் எனக்கு அம்மா நினைவுதான். மூன்றாவது கீமோ முடிந்த வாரம் பூஜை அறையில் உட்கார்ந்து, சாமி படத்தைப் பார்த்து, “ஒன்னும் பேசமாட்டேங்கிற நீ” என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பாட்டி பதறிப்போய், “சாமிகிட்ட அப்படிப் பேசக் கூடாதும்மா” என்று அடக்கினார். பேசலாம் பாட்டி. நாவுக்கரசர் என்று பட்டம் வாங்கியவரே அப்படித்தான் பேசியிருக்கிறார்.

நம் வீடுகளில் நோயாளி எப்போதும் ‘தைரியமா’ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அழுதால் நம்பிக்கை குறைந்துவிட்டது என்கிறோம். வலிக்கிறது என்று சொன்னால், “பாசிட்டிவா பேசுங்க அக்கா” என்று வாயை அடைக்கிறோம். அழுகைக்கு இடமில்லாத பக்தியை நாம் எங்கேயிருந்து கற்றோம் என்று தெரியவில்லை. நான்காம் திருமுறையிலிருந்து இல்லை.

வினை என்னும் சொல்

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன காரணங்களை ஒரு நோட்டில் எழுதியிருந்தால் நோட்டு நிறைந்திருக்கும். போன ஜென்மத்துப் பாவம். குலதெய்வத்துக்குப் படையல் போடாமல் விட்டது. தோட்டத்தை விட்டு வரும்போது மாரியம்மனிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது. கண் பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் பயம் குறையும் என்று மனித மனம் நினைக்கிறது. ஆனால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு நோயோடு ஒரு குற்றப்பத்திரிகையும் சேர்ந்து கிடைக்கிறது.

வினைக் கொள்கை நம் சமயத்தின் அடிப்படை. அதை நான் மறுக்கவில்லை. அதை யார், யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதுதான் கேள்வி. அப்பர் அந்தப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே, தாம் பல கொடுமைகள் செய்ததாகத் தமக்குத் தெரியவில்லை என்கிறார். நான்காம் பாட்டில் தம் பழைய அறியாமையையும் ஒத்துக்கொள்கிறார், உண்மைதான். ஆனால் உடனே, இப்போது நான் உம்முடைய ஆள் ஆகிவிட்டேனே, வந்தடைந்தவரைக் காப்பது பெரியவர் கடமையல்லவா என்று திருப்பிக் கேட்கிறார். தன் குறையைத் தானே தன் இறைவனிடம் சொல்வது வேறு. அடுத்த வீட்டு மாமி வந்து சொல்வது வேறு.

இதைவிட நேரான பாடம் ஞானசம்பந்தரிடம் இருக்கிறது. கொங்கு நாட்டில் திருக்கொடிமாடச் செங்குன்றூர், இன்றைய திருச்செங்கோடு. அங்கே சம்பந்தரோடு வந்த அடியார்களுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம், முதல் திருமுறையில் 116-ஆவது. நோய் கண்ட வீடுகளில் இன்றும் ஓதுகிறார்கள். அதன் முதல் பாட்டை எங்கள் வகுப்பில் மூன்று தடவை வாசித்தோம். அதில் அவர் அடியார்களைப் பார்த்துச் சொல்வதன் சாரம் இது: முன் செய்த வினைக்கு இந்தத் துன்பம் என்று பேசத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் அதிலிருந்து தப்பும் வழியைத் தேடாமல் சும்மா இருப்பது உங்களுக்குத்தானே குறை? கையால் செய்ய வேண்டியதைச் செய்து, இறைவன் திருவடியையும் போற்றுவோம்.

நன்றாகக் கவனியுங்கள். ‘எல்லாம் வினை’ என்று கையைக் கட்டி உட்காருவதைத்தான் அவர் குறை என்கிறார். அந்த இடத்தில் கைவேலை என்பதற்கு உரையாசிரியர்கள் வழிபாடு, சிவத்தொண்டு என்று பொருள் சொல்வார்கள். நான் அதோடு சிகிச்சையையும் சேர்த்துப் படிக்கிறேன். ‘தப்பும் வழியைத் தேடு’ என்று பிள்ளையார் சுழி போட்டுக் கொடுத்தவர் ஆஸ்பத்திரி வாசலில் நம்மைத் தடுத்து நிறுத்துவாரா என்ன?

அந்தத் தங்கைக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. முடி கொட்டியதற்குக் காரணம் அம்மா சரியாகப் பாடாதது இல்லை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுச் செல் அப்படிப் பெருகுவது. முடியின் வேரும், வாயின் உள்தோலும், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும்கூட அப்படித்தான். மருந்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. அதனால் முடி கொட்டும், வாய் புண்ணாகும், வெள்ளை அணுக்கள் குறையும். அவள் தலையாட்டினாள். “அப்ப மருந்து வேலை செஞ்சிருக்கு” என்றாள். ஏறக்குறைய சரி.

இதே நினைப்பில் ஒரு வரலாற்றையும் வகுப்பில் சொன்னோம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அக்காவே டாக்டர், இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கம் அவரை விடவில்லை. பல ஆண்டு போராடி 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் காலமாகும்வரை அந்த இடத்தையே வீடாக வைத்து ஏழை நோயாளிகளைப் பார்த்தார். உடன்பிறந்தவளின் நோய் ஒரு மருத்துவமனையாக மாறிய கதை அது. திலகவதியார் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

திலகவதியார் செய்தது

இப்போது அந்த அக்காவிடம் வருவோம். பாடப் புத்தகத்தில் அவருக்கு இரண்டு வரிதான் இருக்கும். சேக்கிழார் அவருக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார்.

திருவாமூரில் அப்பா புகழனார் நோயில் இறந்தார். அம்மா மாதினியாரும் உடன் போய்விட்டார். நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போர்க்களத்திலிருந்து திரும்பவில்லை. உயிரை விடத் துணிந்த திலகவதியாரின் காலில் தம்பி விழுந்து, நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்று அழுததால் அவர் உயிரோடு இருந்தார். பிறகு அதே தம்பி அவரை விட்டுப் பாடலிபுத்திரம் போய் வேறு சமயத்தில் சேர்ந்துவிட்டார். அக்கா திருவதிகைக்கு வந்து கோயிலைக் கூட்டி, மெழுகி, பூமாலை கட்டிக்கொண்டு தனியாக இருந்தார்.

தம்பிக்குச் சூலை வந்தது. மந்திரித்த நீர், மயிற்பீலி தடவல் எல்லாம் செய்தும் கேட்கவில்லை. (இந்த இடத்தில் சமணரைத் திட்டிப் பத்து நிமிடம் பேசும் வழக்கம் நமக்கு உண்டு. அதை விட்டுவிடலாம். அவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்து பார்த்தார்கள்.) கடைசியில் தம்பி தன் சமையல்காரனை அக்காவிடம் தூது அனுப்பினார். யாருக்கும் தெரியாமல் இரவில் போய்வா என்று சொல்லி அனுப்பினார். பிறகு தானும் வெள்ளைத் துணியால் உடம்பைப் போர்த்திக்கொண்டு இரவோடு இரவாகத்தான் வந்தார்.

மறைப்பு அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள். நம் ஊரில் இன்னும் அந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. “அந்த வியாதி” என்று குரலைத் தாழ்த்துவார்கள். பெண் பிள்ளை இருக்கும் வீடென்றால் சம்பந்தம் பேசும்போது தடையாகுமே என்று இன்னும் இறுக்கமாக மறைப்பார்கள். அப்படி மறைத்ததால் கட்டியோடு ஒரு வருஷம் காத்திருந்தவர்கள் உண்டு. கட்டி காத்திருக்காது.

காலில் வந்து விழுந்த தம்பியை அக்கா என்ன செய்தார்? ‘என்னை விட்டுட்டுப் போனியே, பார்த்தியா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்து நிறுத்தினார். ஐந்தெழுத்தைச் சொல்லித் திருநீறு கொடுத்தார். விடியற்காலை ஆனதும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். போகும்போது கையில் என்ன கொண்டுபோனார் என்று சேக்கிழார் மறக்காமல் சொல்கிறார்: கூட்டுகிற அலகு, மெழுகுவதற்குச் சாணம், தண்ணீர்த் தோண்டி. அதாவது அவருடைய அன்றாட வேலைச் சாமான்கள். தம்பிக்கு நோய் என்று தனியாக ஒரு சடங்கு அவர் ஏற்பாடு செய்யவில்லை. தினமும் போகிற வழியில் தம்பியையும் சேர்த்துக்கொண்டார்.

இந்த அலகையும் தோண்டியையும் நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு என்ன வேண்டும் என்று அம்மாவைக் கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: “என்னை நோயாளியா உட்கார வச்சுப் பார்க்காதீங்க. காய் நறுக்கக் குடுங்க. ஆனா நான் நறுக்கி முடிக்கலைன்னா ஏன்னு கேக்காதீங்க.”

முடிந்தபின் தொடங்குவது

கடைசி நாள் கதிர்வீச்சு முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் போன் செய்து வாழ்த்தினார்கள். அதோடு ஓய்ந்துவிட்டார்கள். கீமோ நடந்த காலம் முழுவதும் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் அதன்பின் வரவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் அம்மா அதிகம் தளர்ந்தது அதற்குப் பிறகுதான். சிகிச்சைக் காலத்தில் அடுத்த தேதி, அடுத்த ஊசி என்று ஓடுவதற்கு ஒரு திசை இருந்தது. முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து பயப்பட நேரம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு தலைவலிக்கும் ‘திரும்ப வந்திருச்சோ’ என்று பார்ப்பார். சோதனைத் தேதிக்கு முந்திய வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

களைப்பும் அப்படித்தான். இது வேலை செய்து வரும் களைப்பு இல்லை, தூங்கி எழுந்தாலும் போகாது. பல மாதம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். எங்கள் பொறியியல் பாடத்தில் கம்பியை இழுக்கும் சோதனை ஒன்று உண்டு. ஓர் எல்லை வரை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். எல்லையைத் தாண்டி இழுத்துவிட்டால் முழுக்கத் திரும்பாது. ஆனால் அது அறுந்ததாக அர்த்தமில்லை. அந்தப் புது நீளத்தில் அது பாரம் தாங்கும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “உங்கம்மா கம்பியாடா?” என்று முறைத்தார். ஆனால் அதற்குப் பிறகு, “எப்ப பழையபடி ஆவ?” என்று அம்மாவைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சுக்காகக் கோலாலம்பூர் பக்கம் போக வேண்டியிருந்தது. மலாக்காவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அம்மா காஜாங்கில் பெரியம்மா வீட்டில் மூன்று வாரம் தங்கினார். அப்பா வேலைக்கு லீவு எடுத்து எடுத்துத் தீர்ந்து, சம்பளம் பிடித்தார்கள். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான். பணம் கரைவது பெட்ரோலிலும் டோலிலும் வேலை போன நாளிலும். இது தெரியாமல், ‘கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானே, செலவென்ன’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். இபிஎஃப் பணத்தை நோய்க்காக எடுப்பது, பெர்க்கேசோ இயலாமை ஓய்வூதியம் இவற்றுக்கு வழிகாட்டுவார். தேசியப் புற்றுநோய்ச் சங்கமும் 1966 முதல் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குப் பாரம் பூர்த்தி செய்யத் தெரிந்த ஒரு இளைஞன் கூடப் போனாலே பாதிக் கஷ்டம் குறையும்.

விரதமும் வேண்டுதலும்

இந்தப் பகுதியில் தவறான தகவல் நிறைய ஓடுவதால் கொஞ்சம் விரிவாக.

கீமோ போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை பொதுவாக வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் கூட்டமான திருவிழாவுக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திருநீறு பூசிவிட்டுப் போங்கள், பூசிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கதிர்வீச்சு பட்ட தோலில் மட்டும் திருநீறு, சந்தனம், மஞ்சள் எதையும் டாக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம். அங்கே தோல் வெந்ததுபோல் இருக்கும். நெற்றியில் தாராளமாகப் பூசலாம்.

விரதம் இருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். வாயெல்லாம் இரும்புச் சுவை அடிக்கும் நேரத்தில் சாப்பிடுவதே பெரிய காரியம். கந்த சஷ்டி ஆறு நாளும் அம்மா சாப்பிட்டுக்கொண்டேதான் கவசம் படித்தார். யாரோ கொடுத்த மூலிகைப் பொடி, கஷாயம் இவற்றையும் டாக்டருக்குச் சொல்லாமல் குடிக்க வேண்டாம். சில பொருட்கள் மருந்தோடு மோதும்.

சில கீமோ மருந்துகளால் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும். அம்மாவுக்கும் அப்படித்தான். மத்தியானம் கோயில் பிரகாரத்தில் செருப்பில்லாமல் நடந்தால் தரை சுடுவது தெரியாது. பிறகு பார்த்தால் கொப்புளம். காலையிலோ மாலையிலோ கூட்டிப்போவது நல்லது. தீமிதி வேண்டுதல் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

வேண்டுதல் என்றதும் இன்னொன்று. மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் பால்குடம் எடுப்பதாக அம்மா அறுவைக்கு முந்திய நாள் வேண்டிக்கொண்டிருந்தார். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த கை அது. கனம் தூக்கினால் கை வீங்கும் அபாயம் உண்டு. வேண்டிக்கொண்டதைச் செய்யாவிட்டால் குற்றமாகுமே என்று அம்மா நாட்கணக்கில் தவித்தார். எங்கள் தாமான் கோயில் குருக்களிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “சாமி லிட்டர் கணக்கா பால் அளந்து வாங்குறாரு? ஒரு சின்னச் செம்புல எடுத்துட்டுப் போங்கம்மா, மகன் தூக்கி வரட்டும், நீங்க கையை வச்சு ஊத்துங்க” என்றார். அம்மா முகத்தில் அன்றைக்கு வந்த தெளிச்சி எந்த மாத்திரைக்கும் வரவில்லை. நம் குருக்கள்மார்களும் கோயில் தலைவர்களும் இப்படி ஒரு வார்த்தை சொல்ல முடியும். சொல்ல வேண்டும்.

மொட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசார் மாலாமில் ஒரு அக்கா அம்மாவின் தலையைப் பார்த்து, “எந்தக் கோயில் வேண்டுதல்க்கா?” என்று கேட்டார். அம்மா, “முருகனுக்குத்தான்” என்றார். வீட்டுக்கு வரும் வழியில், பொய் சொல்லிட்டீங்களே என்று தங்கை கேலி செய்தாள். அம்மா பதில் சொன்னார்: “பொய்யில்லடி. அவனுக்குக் குடுத்ததாத்தான் நினைச்சுக்கிட்டேன். அப்பதான் கண்ணாடி பார்க்க முடிஞ்சுது.”

யார் வந்தார்கள்

பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்தில் ஒரு வீட்டில் காலையில் அடுப்புப் புகை வரவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பார். யாராவது கஞ்சி வைத்துக் கொண்டுவருவார்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் ஜாசின், மெர்லிமாவ், துரியான் துங்கல், அலோர் காஜா என்று தாமான்களுக்குச் சிதறியபின் கேட்டைப் பூட்டிக்கொண்டு இருக்கிறோம். புகை தெரிவதில்லை.

அம்மா சிகிச்சையில் இருந்தபோது அதிகம் வந்தவர்களில் எதிர்வீட்டு மலாய் அம்மா ஒருவர், சூப் வைத்துக் கொடுத்த சீன ஆன்ட்டி ஒருவர். வேறு சமயப் பிரார்த்தனைக் குழு ஒன்றும் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள், பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நோய் கண்ட வீடாகப் பார்த்து அவர்கள் போகிறார்கள் என்று நம் கூட்டங்களில் குறைப்பட்டுக்கொள்கிறோம். அவர்கள் போகும் வீட்டுக்கு நாம் எத்தனை தடவை போயிருக்கிறோம் என்று அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

எங்கள் கிளையில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறோம். காடி லைசென்ஸ் உள்ளவர்கள் ஆஸ்பத்திரி நாட்களைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். பரீட்சை வாரத்தில் மற்றவர் பார்த்துக்கொள்வார். வீட்டுக்குப் போனால் காரணம் தேடிப் பேசுவதில்லை. பத்து நிமிடம் உட்காருவது, அவர்கள் கேட்டால் ஒரு பதிகம் ஓதுவது, பாத்திரம் கிடந்தால் கழுவிவிட்டு வருவது. முகக்கவரி போட்டுக்கொள்வது, இருமல் சளி இருந்தால் போகாமல் இருப்பது. இப்போது மூன்று வீடுகள். இரண்டில் சிகிச்சை முடிந்துவிட்டது. அதனால்தான் அங்கே போகிறோம்.

அடுத்த வகுப்புக்குத் திருநீலகண்டப் பதிகத்தின் முதல் இரண்டு பாட்டையும் பொருளோடு படித்து வரவும். கேள்வி கேட்ட தங்கைதான் பொருள் சொல்லப் போகிறாள்.